படத்தில் வராத மாலுமி

ஏப்ரல் 6, ஞாயிறு

மாலுமிப் பொம்மையை இன்று மாலை பெட்டியோடு ஒப்படைத்தேன். ஒப்பந்தப்படி ஜூலை முதல் ஞாயிறு வரை அது திருமதி மரகதவல்லியின் பொறுப்பு.

வழக்கம்போல் ஆர்.எஸ். புரம் பேக்கரியில், ஜன்னலோர மேசை. பெட்டியின் முனைகளை இருவரும் தனித்தனியே பார்த்தோம். முன்பக்கத்துக் கண்ணாடித்தாளில் புதிய கீறல் இல்லை. மூடியின் முத்திரை தொழிற்சாலையில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. நான் கைபேசி விளக்கைப் பிடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெட்டியை முகத்தருகே கொண்டுபோனார்.

“என்னங்க சார், அம்மா இளைச்சுட்டாங்க? சோறு கீறு போட்டீங்களா இல்லையா?”

“பொருளின் நிலையில் மாற்றம் ஏதும் இல்லை” என்றேன்.

“மாற்றம் இல்லைன்னு எழுதிக்கோங்க. ஆனா இளைச்சுட்டாங்க.”

பின்னாளில் இதைப் படிக்கப்போகிறவர் எவருமில்லை எனினும், பின்னணியைப் பதிவு செய்துவிடுவது என் பழக்கம். நான் சட்டக் கல்லூரியில் படித்தபோது ‘சாம்பல் வளையம்’ என்றொரு அயல்நாட்டு விண்வெளிப் படம் வந்தது. படமெடுப்பதற்கு முன்பு, அதன் மனிதர்களையும் கலங்களையும் ஓர் ஓவியர் வரைந்து கொடுத்திருந்தார். அவர் வரைந்த மாலுமி அறுபது வயதைக் கடந்த பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி, ஒரு கையில் மட்டும் உறை. படத்திலோ அந்த இடத்தில் சதுரத் தாடை கொண்ட இளைஞர் ஒருவர் வருகிறார். பல ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம், அந்த ஓவியங்களை மட்டும் வைத்துப் பொம்மைகள் வெளியிட்டது. படத்தில் வந்தவர்களை அல்ல. வருவதாக வரையப்பட்டு வராமல் போனவர்களை.

நான் சேகரிப்பது இவர்களைத்தான். நான்கு கை கொண்ட பொறியாளர், தலைக்கவசத்துக்குள் நீர் நிரப்பிக்கொண்ட மருத்துவர், இன்னும் சிலர். சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்துக் கருத்துரை எழுதுவது என் தொழில். பதிவான பத்திரத்தை யாரும் பார்க்கலாம். அதற்கு முன் எத்தனை வரைவுகள் இருந்தன என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவிநாசி சாலைக் கண்காட்சி ஒன்றில், இருந்த ஒரே மாலுமிப் பெட்டியின் இரு முனைகளை ஒரே சமயத்தில் இருவர் பிடித்தோம். எதிர்முனையைப் பிடித்தவர் திருமதி மரகதவல்லி, ஒரு வங்கியில் மேலாளர். (என் வாடிக்கையாளர் வங்கி அல்ல என்பதை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.) இருவரும் விடுவதாக இல்லை. கூட்டாக வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருவராக வைத்துக்கொள்வது என்று நான்தான் முன்மொழிந்தேன். ஒப்பந்தத்தையும் நானே எழுதினேன்.

அவருடைய குடும்பம் பற்றி நான் கேட்டதில்லை. ஒருமுறை அவராகவே, “அவரு போயி ஆறு வருசமாச்சுங்க சார்” என்றார். அது இறப்பா பிரிவா என்று விளக்கம் கோருவது முறையல்ல என்பதால் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

அலமாரியில் மாலுமியின் இடம் காலியாக இருக்கிறது. மற்றவற்றை நகர்த்தி நிரப்பலாம். நிரப்பவில்லை, மூன்று மாதத்தில் மறுபடி நகர்த்த வேண்டிவரும்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. நீதிமன்றம் விடுமுறை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஆறுச்சாமி வீட்டிலிருந்து பாயசம் வந்தது.

ஆறுச்சாமி என் குமாஸ்தா. எனக்கு முன்பே இந்த அலுவலகத்தில் இருப்பவர். என் சீனியரிடமிருந்து மேசை நாற்காலிகளோடு எனக்கு வந்து சேர்ந்தவர். காலி இடத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்கய்யா, அந்தம்மா மொறைங்களா இப்ப?”

“ஆமாம்.”

“எங்கூர்ல புருசன் பொண்டாட்டி பிரிஞ்சாத்தானுங்க கொழந்தைய இப்படி மாத்தி மாத்தி வெச்சுக்குவாங்க. நீங்க சேராமயே வெச்சிருக்கறீங்க.”

பாயசப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்து அனுப்பினேன்.

மே 18, ஞாயிறு

வெயில் அதிகம். ஆர்.எஸ். புரம் பக்கம் வேலை எதுவும் இருக்கவில்லை. பேக்கரியில் குளிர்சாதனம் இருப்பதால் அங்கே தேநீர் அருந்தினேன். கடைக்காரர், “மேடம் வரலீங்களா?” என்றார். இது அதற்குரிய ஞாயிறு அல்ல என்று விளக்கினேன். அவருக்கு விளங்கியதாகத் தோன்றவில்லை.

ஜூன் 11, புதன்

மதியம் மரகதவல்லி அவர்கள் தொலைபேசியில் அழைத்தார். காலாண்டுக்கு நடுவில் அவர் அழைப்பது இதுவே முதல் முறை. பெட்டிக்குச் சேதமோ என்று எண்ணினேன்.

“டிரான்ஸ்ஃபர் வந்திருச்சுங்க சார். திருநெல்வேலி. சீஃப் மேனேஜராப் போட்டிருக்காங்க.”

வாழ்த்துத் தெரிவித்தேன்.

“அவ்வளவுதானுங்களா?”

பதவி உயர்வு என்பதால் ஊதிய நிர்ணயம் தொடர்பாக ஐயம் ஏதும் இருந்தால் கேட்கலாம் என்றும் சொன்னேன். அப்படி ஐயம் எதுவும் இல்லை என்றார். ஜூலை முதல் ஞாயிறு பெட்டியோடு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பிரிவு ஒன்பது: தரப்பினரில் ஒருவர் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு வெளியே குடிபெயர்ந்தால், பொருளின் முழு உரிமையும் மாவட்டத்தில் தொடர்ந்து வசிப்பவரைச் சேரும்.

எழுதியவன் நான். வங்கி அலுவலர்களுக்கு மாறுதல் வரும் என்பதையும், பத்திர வக்கீல் எங்கும் போகமாட்டான் என்பதையும் நன்றாக அறிந்தேதான் எழுதியிருக்கிறேன். நல்ல பிரிவு. ஓட்டை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஓட்டை இருக்கிறதா என்று மீண்டும் பார்த்தேன். இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டி மேசைமேல், துணிப்பையில். ஒப்பந்தத்தின் தம் பிரதியையும் கொண்டுவந்திருந்தார். முனைகளைப் பார்த்தோம். முத்திரையைப் பார்த்தோம். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டோம். குறை எதுவும் தென்படவில்லை.

“அவ்வளவுதானுங்க சார். இனி அம்மா உங்களுக்கே” என்று பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

பிரிவு ஒன்பது இதற்குப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது என்றேன். ‘குடிபெயர்தல்’ என்றால் தன் விருப்பத்தோடு செய்வது. நிர்வாக ஆணையால் நிகழும் இடமாற்றம் அதில் அடங்காது. நிரந்தர முகவரி கோவையாகவே இருக்கும்வரை அவருடைய உரிமை தொடர்கிறது. எனவே இந்தக் காலாண்டு என் முறை, அக்டோபரில் அவர் முறை.

“அதெப்படிங்க? வீட்டக் காலி பண்ணிட்டேன். கேஸ் கனெக்‌ஷன் மாத்தியாச்சு. பையன் ஹாஸ்டல்ல. இங்க எனக்கு என்னங்க இருக்கு?”

“பொருள் இருக்கிறது. பாதி.”

“நீங்கதானுங்க எழுதுனீங்க, முழு உரிமையும் இருக்கறவங்களுக்குன்னு.”

“எழுதியவரின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும்.”

“சரி. நோக்கம் என்னங்க சார்?”

அந்த நேரத்தில் எக் பப்ஸ் வந்தது.

அவர் மறுபடி தொடங்கினார். வங்கியில் ஒப்பந்தங்களைப் படித்துப் பழகியவர். என் பக்க வாதத்தை என்னைவிட நன்றாக எடுத்துரைத்தார். நான் அவர் பக்கத்துக்காக வாதாடினேன். பக்கத்து மேசையில் இருந்த கல்லூரி மாணவர்கள், ஏதோ பாகப்பிரிவினை என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வழக்கை நான் எங்கும் கண்டதில்லை. இரு தரப்பும் தோற்பதற்காகவே வாதாடினோம்.

கடைசியில் அவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சட்டத்த விட்டுருங்க. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

“விருப்பம் வேறு, உரிமை வேறு” என்றேன்.

அவர் பப்ஸைப் பிரித்தார். உள்ளே இருந்த முட்டையை ஓரமாக வைத்தார். சாப்பிடவில்லை.

“எனக்கு இந்தம்மாவ ஏன் புடிச்சுதுன்னு சொல்லட்டுங்களா? வயசாயிருச்சுன்னு படத்துலருந்து எடுத்துட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது, எடுத்துட்டாங்கன்னு. பாருங்க, இன்னும் கலத்த ஓட்டப்போற மாதிரியே நிக்கறாங்க.”

சரியான கவனிப்பு என்று சொன்னேன். ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

மாலுமி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. முழு உரிமையோடு.

ஜூலை 7, திங்கள்

அலமாரியில் வைத்தேன். இடம் நிறைந்துவிட்டது.

ஜூலை 19, சனி

ஆறுச்சாமி: “எந்தக் கேசுங்கய்யா போச்சு?”

“எந்தக் கேசும் போகவில்லை.”

“மூஞ்சியப் பாத்தா அப்பீலுக்கும் வழியில்லாத கேசாட்டம் இருக்குதுங்களே.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பொம்மைகளைத் துடைத்தேன். ஒட்டடைத் தூரிகையைவிட ஓவியத் தூரிகையே பெட்டிகளுக்கு ஏற்றது. மாலுமியின் பெட்டியைக் கையில் எடுத்தபோது, விளக்கைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். முறையான பரிசோதனை என்று சொல்ல இயலாது.

இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளில் ஒன்றையும் திறந்ததில்லை. சேகரிப்பவர்கள் திறக்கமாட்டோம், திறந்தால் மதிப்புப் போய்விடும். அயலார்க்கு இது விசித்திரமாகத் தெரியும். எதையும் கெடாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. கொழுக்கட்டை கடையில் வாங்கினேன். நான்குக்குக் குறைந்து தரமாட்டோம் என்றார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை முழுவதும் ஒரு குறுஞ்செய்தியை வரைந்தேன். இறுதி வடிவம் வருமாறு:

‘ஒப்பந்தத்தின் பிரிவு ஒன்பதைத் திருத்தி, காலாண்டுக்கு ஒருமுறை பொருளைத் திருநெல்வேலியில் நேரில் ஒப்படைக்கவும் திரும்பப் பெறவும் நான் உடன்படுகிறேன். பயணப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.’

மாலையில் பதில் வந்தது: ‘எதுக்குங்க சார் வீண் அலைச்சல். கூரியர்ல அனுப்பலாம், ஆனா பெட்டி நசுங்கிரும். உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுங்க.’

பதிலில் பிழை எதுவும் இல்லை. நான் பயணத்தைப் பற்றி எழுதினேன். அவர் பயணத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலாண்டின் முதல் ஞாயிறு. ஒப்பந்தப்படி இன்று எந்தக் கடமையும் இல்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். ஜன்னலோர மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. கழுவுதொட்டிக்கு அருகில் இடம் கிடைத்தது. முனைகளைப் பார்த்தேன். பிறந்தநாள் சிறுமி வந்து, “அங்கிள், பாட்டிய ஏன் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க?” என்றாள். அவளுடைய தாய் மன்னிப்புக் கேட்டு அழைத்துப்போனார். மன்னிப்புக்கு அவசியம் இருக்கவில்லை. கேள்வி நியாயமானது.

கேக்கில் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கட்சிக்காரர்கள் கொடுத்த இனிப்புப் பெட்டிகளை ஆறுச்சாமியிடம் கொடுத்தாயிற்று. அவரிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. மரகதவல்லியிடமிருந்து, ஆறுச்சாமியிடமிருந்து அல்ல. விளக்குப் படம். பலர் கைமாறி வந்தது என்பதை அதன் மேலிருந்த குறியிலிருந்து அறிந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

மதிய உணவு நேரத்தில் அழைத்தேன். சொல்ல வேண்டியவற்றைத் தாளில் குறித்து வைத்திருந்தேன்.

“சொல்லுங்க சார். பெட்டிக்கு ஏதாச்சுமா?”

“பெட்டி நலம்.”

“முத்திரை?”

“அப்படியே இருக்கிறது.”

“அப்புறம் என்னங்க?”

என் குறிப்புகளில் முதலாவது, திருத்தத்துக்கான சட்ட அடிப்படை. இரண்டாவது, ரயில் வசதி. அவற்றைப் படிக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் சொன்னதைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்கிறேன்:

“எனக்கு இங்க பேச ஆளில்லைங்க.”

அந்தப் பக்கம் பணம் எண்ணும் இயந்திரம் ஓடுவது கேட்டது. யாரோ “மேடம், இதுல ஒரு கையெழுத்து” என்றார்கள். இயந்திரம் நின்றது. மறுபடி ஓடியது.

“நான் அப்புறமா கூப்புடறனுங்க சார்.”

அக்டோபர் 24, வெள்ளி

அழைப்பு இல்லை. வேலை நாள், கூட்டம் இருந்திருக்கும்.

அக்டோபர் 25, சனி

மாதத்தின் நான்காம் சனி. வங்கிகளுக்கு விடுமுறை. அழைப்பு இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அழைத்தார். முகமன் எதுவும் இல்லை.

“ரெண்டு நாளா போன கையில எடுக்கறதும் வெக்கறதுமாவே இருந்தனுங்க. ஏனுங்க சார், மூணு வருசமா மூலை மூலையாப் பாத்தீங்களே, அது பெட்டியத்தானுங்களா?”

பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அல்ல என்று முதலில் தோன்றியது.

“இல்லைங்க” என்றேன்.

“ஜூலைலயே கேட்டேன். வேணுமா வேண்டாமான்னு.”

“நீங்கள் பெட்டியைப் பற்றிக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.”

“நானும் பெட்டியப் பத்தித்தான் கேட்டேன்னு ஆட்டோல போறப்ப எனக்கே சொல்லிக்கிட்டேன். என்ன பண்றது? ரெண்டு பேரும் படிச்சவங்க.”

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். சட்டைக்கையில் லேசாகக் கருகல்.

அவர் மெதுவாகச் சொன்னார்: அங்கே அவருக்கும் யாருமில்லை. வங்கி முடிந்தால் வீடு. வீட்டுக்காரம்மா மாடியில் ஒருமுறை, கீழே ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அந்த ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்றாம். “வாங்கன்னு சொல்ல ஆசைதானுங்க. பயமாவும் இருக்குது. தனியா இருக்கற பொம்பள வீட்டுக்கு ஆம்பள வந்தா தெருவே கணக்கெடுக்கும். நீங்க பெட்டியோட வந்தீங்கன்னா, ஆபீஸ் சாமான் குடுக்க வந்தாங்கன்னு சொல்லிக்கலாம்.”

“பெட்டி இல்லாமல் வரலாமா என்று நினைத்தேன்.”

“அய்யோ. அப்ப யாருன்னு சொல்லுவேன்?”

“வக்கீல் என்று சொல்லுங்கள். அது உண்மை.”

“வக்கீல்னா என்ன கேசுன்னு கேப்பாங்களே.”

“கேட்டால்?”

“வாய்தா மேல வாய்தா போயிட்டிருக்குன்னு சொல்லிக்கறேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். பழக்கமில்லாததால் இருமலில் முடிந்தது.

“எட்டாந்தேதி ரெண்டாஞ் சனிங்க. லீவு” என்றார்.

நவம்பர் 5, புதன்

ஆறுச்சாமியிடம் சனிக்கிழமை வரமாட்டேன் என்றேன். “எந்தக் கோர்ட்டுங்கய்யா?” என்றார். கோர்ட் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அதற்குமேல் எதுவும் சொல்லாதது அவர் வரலாற்றில் இதுவே முதல் முறை.

நவம்பர் 8, சனி

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மாலுமி அலமாரியில் இருக்கிறது. கையில் மாற்று உடைப் பையும் அரை டஜன் தேங்காய் பன்னும் மட்டுமே. அங்கே அந்தப் பன் கிடைப்பதில்லை என்று முன்பு சொல்லியிருந்தார். இன்றைய சந்திப்புக்கு எந்த வரைவும் தயாரிக்கவில்லை. என்ன பேசுவது என்று இரண்டு முறை குறிப்பெடுக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் விரும்பிக் கூப்பிட்டிருக்கலாம்; இரக்கத்தாலும் கூப்பிட்டிருக்கலாம். இன்றிரவே திரும்பும் வண்டிக்கும் சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எச்சரிக்கை ஒரே நாளில் போய்விடாது.

விருதுநகரில் எதிர் இருக்கைக்கு ஓர் அம்மாள் வந்தார். உட்கார்ந்ததும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“திருநெவேலிக்கா போறிய?”

“ஆமாங்க.”

“அங்க யாரு இருக்கா?”

இந்தக் கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடையை நெடுங்காலமாக வைத்திருக்கிறேன்: ஒரு வேலையாகப் போகிறேன். அது வாய்வரை வந்தது.

“ஒருத்தங்க இருக்காங்க” என்றேன்.

“சொந்தமா?”

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் வரத் தொடங்கியிருந்தன.

“இன்னும் இல்லைங்க.”

அந்த அம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்.